பாராதைராய்டு கோளாறுக்கும் ஆறாத வயிற்றுப் புண்ணுக்கும் தொடர்பு உண்டா?

ரத்தத்தில் கால்சியம் கூடியிருப்பவருக்கு வயிற்றுப் புண் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் இணைப்பது, இரைப்பையில் அமிலம் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரின் என்னும் செரிமான ஹார்மோன்.

என் அம்மா நெஞ்செரிச்சலுக்காகப் பல ஆண்டுகள் காலையில் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல் என்னும் அமிலம் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். இடையில் இருமுறை சிறுநீரகக் கல்லும் வந்தது. அவருடைய பரிசோதனைத் தாளில் கால்சியம் 11.4 என்ற எண்ணுக்கு அருகே சிறிய நட்சத்திரக் குறி ஒன்று இருந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய அளவு அது. முந்தைய ஆண்டுத் தாளிலும் அதே குறி இருந்ததைப் பின்னர்தான் கண்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

தைராய்டுக்குப் பின்புறம் அரிசி மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகளும் ரத்தக் கால்சியத்தைச் செல்லின் மேலுள்ள ஓர் ஏற்பியின் (உணரும் புரதத்தின்) மூலம் உணர்ந்து அதன் அளவைக் கட்டுப்படுத்துகின்றன. அவை அளவுக்கு மீறி இயங்கினால் ரத்தத்தில் கால்சியம் கூடிவிடும். 1993-இல் மாட்டின் பாராதைராய்டில் கண்டறியப்பட்ட அந்த ஏற்பி, இரைப்பையில் காஸ்ட்ரினைச் சுரக்கும் செல்களிலும் இருக்கிறது. ஆகவே கால்சியம் கூடும்போது அந்தச் செல்கள் தூண்டப்பட்டு, அமிலச் சுரப்பும் கூடக்கூடும். ஆனால், ஒரே சுரப்பியில் கட்டி உள்ள பெரும்பாலோருக்கு இந்த விளைவு சிறியதே என்பதால், எல்லாப் புண்ணுக்கும் கால்சியத்தைக் காரணம் காட்டக் கூடாது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது மென்-1 என்னும் பரம்பரை நோயைப் பற்றித்தான். அதில் பாராதைராய்டு சுரப்பிகள் பெருப்பதோடு, முன்சிறுகுடலிலோ கணையத்திலோ காஸ்ட்ரினைக் கொட்டும் கட்டிகளும் தோன்றலாம். அத்தகைய கட்டியால் வரும் கடும் புண்களை 1955-இல் சோலிங்கர், எலிசன் என்னும் அறுவை மருத்துவர்கள் விவரித்தார்கள். உயர்ந்த கால்சியம் அந்தக் கட்டியை மேலும் தூண்டுவதால், பெருத்த பாராதைராய்டுகளை அகற்றிய பின் பலருக்குக் காஸ்ட்ரின் அளவு குறைகிறது. அமிலம் குறைக்கும் மாத்திரையின் தேவையும் குறைகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகளே காஸ்ட்ரினை உயர்த்திக் காட்டும். அதற்காகப் பரிசோதனைக்கு முன் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால், காஸ்ட்ரின் கட்டி உள்ளவருக்குப் புண்ணிலிருந்து ரத்தம் கசியலாம், குடல் துளைபடவும் நேரலாம். நிறுத்துவதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

அம்மாவுக்குக் காஸ்ட்ரின் இயல்பாகவே இருந்தது, ஒரு சுரப்பி மட்டுமே பெருத்திருந்தது. அதை எடுத்த பிறகு மலச்சிக்கலும் சோர்வும் விலகின. நெஞ்செரிச்சல் ஓரளவே தணிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல்லோ, பாராதைராய்டு, பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி), கணையக் கட்டிகளோ இருந்திருந்தால், அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.