ஈட்டனின் பணம்

அன்புள்ள ஐயா,

நாடுகளுக்கிடையே சாதாரண மக்கள் போய்வரும் பரிமாற்றப் பயணங்களை அரசு நடத்தினால் அது பிரச்சாரமாகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் நண்பர்கள் சிலர் வெளிநாட்டு மாணவர்களை அழைக்க ஒரு தொழிலதிபரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். தனியார் பணம் என்றால் இந்தச் சிக்கல் இல்லைதானே?

எஸ்.கே., திருச்சி

அன்புள்ள எஸ்.கே.,

பாதி சரி. 1955இல் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் விட்ட அறிக்கை, பகை நாடுகளின் விஞ்ஞானிகள் கூடி அணு ஆயுதம் பற்றிப் பேசவேண்டும் என்றது. டெல்லியில் கூடலாம் என்று நேரு சொன்னார். சூயஸ் நெருக்கடி குறுக்கே வந்து அது நின்றுபோனது. அப்போது செலவை ஏற்றுக்கொண்டவர் சைரஸ் ஈட்டன். ரயில்வே, எஃகு, நிலக்கரி என்று சம்பாதித்த அமெரிக்கப் பணக்காரர். பிறந்தது கனடாவில், பக்வாஷ் என்ற சின்னக் கடலோர ஊரில். அங்கே இருந்த தன் வீட்டுக்கே எல்லோரையும் கூப்பிட்டார். 1957 ஜூலையில் 10 நாடுகளிலிருந்து 22 பேர் வந்தார்கள். 7 அமெரிக்கர்கள், 3 சோவியத்காரர்கள். அன்றைய வாஷிங்டன் இதற்கு ஒரு டாலர் கொடுத்திருக்குமா?

ஆனால் அந்த மூன்று பேருக்கு ஈட்டன் டிக்கெட் எடுக்கலாம், வெளியே விடவேண்டியது மாஸ்கோ. அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1952இல் வேதியியல் விஞ்ஞானி லைனஸ் பாலிங் லண்டனில் ஓர் அறிவியல் கூட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஈட்டன். அவர் சும்மா இருக்கவில்லை. 1958இல் தொலைக்காட்சியில் எஃப்.பி.ஐ.யை விளாசினார். சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவருக்கு மூன்று குதிரை பூட்டும் ரஷ்ய வண்டியைக் குதிரைகளோடு பரிசளித்தார். 1960இல் சோவியத் அரசின் லெனின் அமைதிப் பரிசும் வந்தது. அவர் நல்ல மனிதர்தான் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் வாய் திறந்தபோதெல்லாம் விஞ்ஞானிகளுக்குச் சங்கடம்; மாஸ்கோவின் ஆட்கள் என்ற பேச்சு அவர்கள்மேல் விழுந்தது. முதல் சில மாநாடுகளுக்குப் பிறகு அவர் பணத்திலிருந்து விலகிக்கொண்டார்கள். ஊரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1995இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றபோதும் அந்த மாநாடுகளை நடத்திய அமைப்பின் பெயர் பக்வாஷ்தான்.

இதைவிட மோசமானது, தனியார் பணம் என்ற பெயரில் அரசுப் பணமே வருவது. அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கத்தின் வெளிநாட்டுத் தொடர்புகளுக்கு ஆண்டுக்கணக்காக அறக்கட்டளைகள் வழியாகப் பணம் வந்தது. அது சி.ஐ.ஏ.வின் பணம் என்று 1967இல் ராம்பார்ட்ஸ் பத்திரிகை போட்டு உடைத்தது. சங்கத்தில் ஒருசில தலைவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர்களும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாநாடு மாநாடாகப் போய்வந்த மற்ற பையன்கள் யாரோ புண்ணியவான் கொடுக்கிறார் என்றே நம்பியிருந்தார்கள். அரசு வெளிப்படையாகவே கொடுத்திருந்தால் யாரும் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் தொழிலதிபரிடம் வாங்குங்கள். அவரிடம் மட்டும் வாங்காதீர்கள். நாலு பேர் கொடுத்ததாக இருக்கட்டும், யார் எவ்வளவு என்று அழைப்பிதழிலேயே அச்சடித்துவிடுங்கள். மேடையில் அவருக்கு எத்தனை நிமிடம் என்பதையும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் கோபித்துக்கொள்வார்.