“சைட் உங்களுக்குச் சரிப்படாது” என்றால் என்ன செய்வது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர் என் ஊர். வயது 27. மின் பொறியியல் முடித்து, புதுச்சேரியில் கூரைமேல் சோலார் அமைக்கும் நிறுவனம் ஒன்றில் ஐந்து ஆண்டுகளாக டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். எனக்குப் பிறகு சேர்ந்தவரை ப்ராஜெக்ட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். கேட்டால், “சைட்டெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது, ராத்திரி ஆகும், பாதுகாப்பு இருக்காது” என்கிறார்கள். பதிலுக்குச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, ஆவணங்களையும் வாடிக்கையாளர் தொடர்பையும் பார்த்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர் பதவி தருகிறார்கள். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இந்தத் துறையில் தலைமைப் பொறுப்புக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. இந்தப் பதவியை ஏற்கலாமா? எம்.பி.ஏ. படிக்கலாமா? நெய்வேலி என்.எல்.சி.க்கு முயலலாமா?

பதில்:

இப்போது தருகிற வடிவில் அந்தப் பதவியை ஏற்காதீர்கள். சம்பள உயர்வைப் பார்த்து மனசு இழுக்கும், தெரியும். ஆனால் சோலார் நிறுவனங்களில் மேலே இருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும், ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தன் பொறுப்பில் முடித்துக் கொடுத்தவர்கள்தான் அவர்கள். ஆளும் பணமும் சைட்டும் கையில் இருந்தவர்கள். ஒருங்கிணைப்பாளருக்கு எல்லா வேலையின் காகிதமும் வரும், எந்த வேலையும் அவருடையது ஆகாது. தாமதமானால் ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவரைக் கேட்பார்கள். நன்றாக முடிந்தால் இன்சார்ஜுக்குக் கைதட்டல்.

இது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதில்லை. சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2019-இல் வெளியிட்ட ஆய்வில், உலக அளவில் இந்தத் துறைப் பணியாளர்களில் பெண்கள் 32 சதவீதம். அலுவலக நிர்வாகப் பணிகளில் அது 45 சதவீதமாகக் கூடுகிறது, அறிவியல், பொறியியல் சார்ந்த தொழில்நுட்பப் பணிகளில் 28 சதவீதமாக இறங்குகிறது. உங்களுக்குக் காட்டப்படும் நாற்காலி அந்த 45-இன் பக்கம் இருக்கிறது. ஐந்து வருட டிசைன் அனுபவம் உள்ள ஒருவர் இந்த வயதில் அங்கே போய் உட்கார்ந்தால், திரும்பி வருவது ரொம்பக் கடினம்.

சரி, பாதுகாப்பு என்று சொல்கிறார்களே? அதை ஒரே சொல்லாக விட்டுவிடாதீர்கள், பிரித்துக் கேளுங்கள். எந்த வேலை ராத்திரியில் நடக்கிறது? கூரையில் பேனல் ஏற்றுவது, கேபிள் இழுப்பது எல்லாம் பகல் வேலை. இருட்டில் யாரும் ஷீட் கூரையில் ஏறக்கூடாது, ஆணும்தான். ஆலையின் மெயின் மின்பலகையோடு நம் இணைப்பைச் சேர்க்கும்போது மட்டும் ஷட்டவுன், அதாவது மின்சாரத்தை நிறுத்துவது, வேண்டும். உற்பத்தியை நிறுத்த முடியாது என்பதால் அதை ஞாயிற்றுக்கிழமையோ ராத்திரியோ வைப்பார்கள். ஒரு ப்ராஜெக்டில் அது விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். அந்த நாட்களுக்கு வீடு வரைக்கும் வண்டி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கடலூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நிலையில் யாரும் ஒரு ஷட்டவுனை நிதானமாக முடிக்க முடியாது.

அடுத்தது கழிப்பறை. கூச்சப்படாமல் பட்டியலில் முதலில் எழுதுங்கள். ஆலைக்குள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று வேலை தொடங்கும் முன்பே வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் நிற்கும் பெண் இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். அப்புறம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். வேலை நிமித்தமாக நீங்கள் போகும் சைட்டும் சட்டப்படி உங்கள் பணியிடம்தான். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

“பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கச் சட்டம் விடாது” என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இலேயே ரத்து செய்து, கூடவே பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. உங்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் சட்டம் குறுக்கே நிற்காது.

இவ்வளவையும் பேசிவிட்டு, பதவி கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கேளுங்கள். புதுச்சேரியின் சேதராப்பட்டிலோ மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ அடுத்து வரும் நடுத்தர அளவு ஆர்டர் ஒன்று, 100 கிலோவாட் போல இருந்தால் போதும். மின்னஞ்சல் இப்படி இருக்கட்டும்: “இந்த ப்ராஜெக்டின் டிசைன் முதல் கமிஷனிங் வரை என் பொறுப்பில் விடுங்கள். பட்ஜெட் இவ்வளவு, முடிக்கும் தேதி இது. சப்-கான்ட்ராக்டர் பில்லில் என் கையெழுத்து இல்லாமல் பணம் போகக்கூடாது. வாராவாரம் செலவும் முன்னேற்றமும் நான் அறிக்கை தருகிறேன்.” நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். ஏன் எனக்கு முன்பு தரவில்லை என்ற ஆதங்கம் அதில் ஒரு சொல்கூட வர வேண்டாம். பில்லில் கையெழுத்து என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பணத்தை நிறுத்தும் அதிகாரம் இல்லாத இன்சார்ஜ் சொல்வதை சைட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

இனி, உங்களைத் தவிர்க்க முடியாத ஆளாக்குவது எது என்று பார்ப்போம். டிசைனில் ஐந்து வருடம் இருந்திருக்கிறீர்கள், அதுவும் இந்தக் கடற்கரையில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் மறுபடியும் புதுச்சேரி அருகில் வந்தது. 25 வருடம் நிற்க வேண்டும் என்று விற்கப்படும் ஒரு சோலார் அமைப்பு, தன் ஆயுளில் இப்படி ஒரு புயலையாவது பார்க்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதில் புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், கோயம்புத்தூருக்கு 39. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். கோவைக் கணக்கில் சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன் வரும் இடத்தில் இங்கே 1,500. ஒன்றரை மடங்குக்கும் மேல். இன்றைய பெரிய பேனல் ஒன்றின் பரப்பு ஏறக்குறைய 2.6 சதுர மீட்டர். உயரம், சாய்வு ஆகியவற்றுக்கான காரணிகளைச் சேர்க்கும் முன்பே, ஒரே பேனலில் ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான விசை. 2015 பதிப்பில் இன்னொன்றும் சேர்ந்தது: கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைக் கட்டடம் என்றால் காற்று வேகத்தை 1.15 மடங்கு எடுக்க வேண்டும். அழுத்தம் இன்னும் 32 சதவீதம் ஏறும்.

ஆனால் சைட்டில் நடப்பது என்ன? வேறு ஊருக்குப் போட்ட ஸ்ட்ரக்சர் டிராயிங்கில் வாடிக்கையாளர் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். புயலுக்குப் பிறகு ஒரு கூரையில் ஏறிப் பாருங்கள், கதை முழுக்கத் தெரியும். பேனல் உடைந்திருப்பதற்கு முன்பு ஓரத்து கிளாம்ப் நழுவியிருக்கும். வரிசையின் கடைசிப் பேனல் முதலில் எழும்பி, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். அடித்தட்டில் நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும். உப்புக் காற்றில் கால்வனைஸ் பூச்சு போய், வெல்டிங் பண்ணிய இடம் எல்லாம் துரு. இதைப் படம் எடுத்து, கணக்குப் போட்டு, “கிலோவாட்டுக்கு இத்தனை கிலோ எஃகு கூடும், இவ்வளவு ரூபாய் கூடும், இல்லாவிட்டால் இழப்பு இவ்வளவு” என்று முதலாளி முன் ஒரே பக்கத்தில் வையுங்கள். கடைசி வரி ரூபாயில் இருப்பது முக்கியம். டிசைன் இன்ஜினியர் நியூட்டனில் நிறுத்திக்கொள்கிறார். தலைவர் ரூபாய் வரை போகிறார்.

உங்கள் ஊருக்கே உரிய இன்னொரு பலமும் உண்டு. கடலூர்ப் பக்கம் விதிகளை வகுப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுச்சேரிக்கு, யூனியன் பிரதேசங்களுக்கான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். நெட் மீட்டர் (வாங்கிய, கொடுத்த மின்சாரத்தைக் கழித்துக் கணக்கிடுவது), கட்டணம், விண்ணப்பம் எல்லாம் இரண்டு பக்கமும் வேறு வேறு. இரண்டையும் படித்து, எந்தக் கோப்பு எங்கே நிற்கும் என்று சொல்லத் தெரிந்தவர் இந்தப் பக்கத்து நிறுவனத்துக்குச் சொத்து.

சைட்டில் ஆட்களை நடத்துவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அது வரும். உங்களைவிட இருபது வயது மூத்த ஃபோர்மேன் இருப்பார். நீங்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு, ஆண் இன்ஜினியருக்கு போன் போட்டு உறுதி செய்துகொள்வார். அப்போது சத்தம் போடாதீர்கள், அந்த இன்ஜினியரிடமும் முறையிடாதீர்கள். “அண்ணே, இந்த சைட்டில் முடிவு என்னுடையது, சந்தேகம் இருந்தால் என்னிடமே கேளுங்கள்” என்று தனியாக, மரியாதையாக, ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவர் அனுபவத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். ஷீட்டின் எந்த இடத்தில் கால் வைக்கலாம் என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும். மெக்கரில் கேபிளின் மின்காப்பைச் சோதிக்கும்போது ரீடிங்கை நீங்களே பார்த்து எழுதுங்கள். ஸ்டிரிங்கின் (தொடராக இணைத்த பேனல் வரிசையின்) வோல்டேஜ் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், எந்த கனெக்டரில் துருவம் மாறியிருக்கிறது என்று அவர் கண் முன்னால் தேடிக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பிறகு அந்த போன் தானாகக் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, கூலி சனிக்கிழமை என்றால் சனிக்கிழமையே போய்ச் சேர வேண்டும்.

எம்.பி.ஏ. இப்போது வேண்டாம். ஒரு ப்ராஜெக்டின் லாப நட்டத்தைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு படித்தால் பத்து மடங்கு புரியும். அதற்கு முன் எரிசக்தித் திறன் வாரியத்தின் சான்றளிக்கப்பட்ட எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வை எழுதுங்கள். நான்கு தாள்கள். பொறியியல் பட்டத்தோடு மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மின் மேற்பார்வையாளருக்கான சி சான்றிதழும் வாங்கி வையுங்கள். பின்னால் சொந்தமாக நிறுவனம் தொடங்க நினைத்தால் உதவும்.

நெய்வேலிக்குத் தாராளமாக முயலுங்கள். என்.எல்.சி. என்றால் பழுப்பு நிலக்கரி என்று மட்டும் நினைத்த காலம் போய்விட்டது. நெய்வேலியிலேயே 130 மெகாவாட் சோலார் இருக்கிறது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கென்றே துணை நிறுவனங்கள் தொடங்கியிருக்கிறார்கள். பட்டதாரிப் பயிற்சி அதிகாரிகளை கேட் (GATE) தேர்வு மதிப்பெண் வைத்து எடுப்பது வழக்கம். வயது வரம்பு உண்டு என்பதால் முடிவைத் தள்ளிப் போடாதீர்கள். பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும், ஆனால் விதி எழுத்தில் இருக்கும். நெய்வேலி வீட்டுக்குப் பக்கம் என்று எண்ணிப் போகாதீர்கள். சோலார் பிரிவில் ராமநாதபுரம், திருநெல்வேலி, ராஜஸ்தான் என்று எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

கல்யாணப் பேச்சைத் தனியாக வைக்க வேண்டாம், அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். வரன் வீட்டாரிடம் “கம்ப்யூட்டர் வேலைதான்” என்று அம்மா அப்பா சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைட் உண்டு, சில நாள் ராத்திரி ஆகும், வெளியூர் போவேன் என்பதைப் பேச்சு முடிவாகும் முன்பே மாப்பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943-இல் முடித்த அ. லலிதா, பதினெட்டு வயதில் கைம்பெண்ணானவர், கையில் நான்கு மாதக் குழந்தை. பிறகு கல்கத்தாவில் வேலை பார்த்து, பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்கடத்துப் பாதைகளை வடிவமைக்கும் பணியில் இருந்தார். அதே கிண்டியில் அந்தக் காலத்திலேயே படித்த பி.கே. திரேசியா 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவுக்குத் தந்தையும் உடன்பிறந்தவர்களும் பக்கபலமாக இருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பலத்தைக் கேட்டு வாங்குங்கள், தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

குழந்தை பிறந்தால் சட்டப்படி 26 வார விடுப்பு உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். கூரை ஏற முடியாத அந்த மாதங்களில், முடித்துக் கொடுத்த பிளான்ட்டுகளின் உற்பத்தியைக் கண்காணிக்கும் பொறுப்பைக் கேளுங்கள். எந்த இன்வெர்ட்டர் நின்றது, உத்தரவாதம் கொடுத்த யூனிட் வந்ததா, வராவிட்டால் இழப்பு எவ்வளவு என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அதுவும் ரூபாயோடு நேராகச் சேர்ந்த வேலைதான்.

நிறுவனம் சம்மதிக்காவிட்டால்? ஆறு மாதம் கெடு வையுங்கள். அதற்குள் ஒரு ப்ராஜெக்ட் கூட உங்கள் பெயரில் வரவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள். கிளம்பும்போது அனுபவச் சான்றிதழில் “டிசைன் இன்ஜினியராகப் பணிபுரிந்தார்” என்ற ஒற்றை வரியோடு வாங்கி வராதீர்கள். எந்தெந்த ப்ராஜெக்ட், எத்தனை கிலோவாட், அதில் உங்கள் பொறுப்பு என்ன என்று நீங்களே வரைவு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த நிறுவனத்தில் சம்பளம் பேசும்போது முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.