காட்டுயிர் படிக்க ஆசைப்படும் மகள்: மேலூர்த் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம்.

மகளுக்கு நீட் மதிப்பெண் குறைந்துபோன வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். "டாக்டர் சீட் கிடைக்காத கோபத்தில்தான் காடு, பறவை என்று பேசுகிறாளோ" என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளைத் தேதி போட்டு நோட்டில் எழுதிவருகிறாள் என்றும் நீங்களேதான் சொல்கிறீர்கள். இத்தனை வருடம் யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை செய்துவரும் காரியத்தைக் கோபம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் ஆசை உண்மையானது என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். காட்டுயிர் என்று பெயர் போட்ட டிகிரிதான் வேண்டும் என்று ஊர் ஊராக அலையாதீர்கள். இளநிலையில் அது அவசியமே இல்லை. மதுரையிலேயே நல்ல கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியலோ தாவரவியலோ எய்டட் சீட்டில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அமெரிக்கன், லேடி டோக், தியாகராஜர் என்று வீட்டுப் பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணமும் கைக்கு அடங்கும். இந்தத் துறையில் வாசல் திறப்பது எம்.எஸ்ஸி.யில்தான். அதற்குள் அவளுக்கு மூன்று விஷயங்கள் கைவந்திருக்க வேண்டும்: அடிப்படை உயிரியல், புள்ளியியல், களத்தில் நடந்த பழக்கம். இதில் பெரும்பாலான பிள்ளைகள் கோட்டை விடுவது புள்ளியியலில். "கணக்கு வராது, அதனால் விலங்கியல்" என்று வந்து சேர்கிறவர்கள் பாதியில் திணறிப்போகிறார்கள்.

கணக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் மகள் நாளை செய்யப்போகும் வேலை எப்படி இருக்கும் என்று சொன்னால் விளங்கும். அய்யலூர், கடவூர்ப் பக்கம் முள்காட்டில் தேவாங்கு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று வந்த முதல் சரணாலயம் அது. அங்கே கணக்கெடுப்பு என்றால் இருட்டிய பிறகுதான் தொடங்கும். நெற்றியில் கட்டிய விளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருக்கும், வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. வேலமரத்துக்கும் கள்ளிக்கும் நடுவே அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். கிளையில் இரண்டு செம்புள்ளிகள் அருகருகே மினுங்கினால் அங்கேயே நின்று எழுத வேண்டும்: மணி என்ன, என்ன மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நடைபாதையிலிருந்து எத்தனை மீட்டர், ஜி.பி.எஸ். எண். கண்ணில் படாமல் உட்கார்ந்திருந்தவை எத்தனை இருக்கும் என்பதை அந்த மீட்டர் கணக்கை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். புள்ளியியல் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. எனவே கல்லூரியில் அலைடு பாடமாக, அதாவது முக்கியப் பாடத்தோடு படிக்கும் துணைப் பாடமாக, புள்ளியியல் கிடைக்குமா என்று கேட்டுச் சேருங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, புள்ளியியல் கணக்குப் போடும் 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம், வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் எல்லாரும் புலிக்குப் பின்னாலேயே ஓடுவதும் இல்லை. நம் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஊர் உலகமெல்லாம் இருக்கிற சாதாரண வௌவால் என்று எழுதி அதை உள்ளே வைத்துவிட்டார்கள். 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை எடுத்துப் பார்த்தார். பல் அமைப்பு வேறு, வாலும் இல்லை. புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று அறிவித்து, சலீம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். இன்றைக்கு அது மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பில் இருக்கும் உயிரினங்களில் ஒன்று. வைகைக்குத் தண்ணீர் கொடுக்கும் மலைக்காட்டில் கிடைத்த உயிரினம், பெட்டியைத் திறந்து பொறுமையாகப் பல்லைப் பார்க்க ஒரு ஆள் வரும்வரை இருபது வருடத்துக்கு மேல் பெயரில்லாமல் கிடந்தது. காட்டில் இறங்க முடியாதவர்களுக்கும் ஆய்வகத்திலும் அருங்காட்சியகத்திலும் இப்படி வேலை இருக்கிறது. அந்த மேகமலை இப்போது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது.

உங்கள் ஊர்ப் பக்கமே வாருங்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். ஏழு குன்றும் ஏரிகளும் சுனைகளும் உள்ள அந்த இடத்தில் சுமார் 250 பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. லகர் வல்லூறும் ராசாளிக் கழுகும் அதில் உண்டு. எறும்புதின்னியும் தேவாங்கும் உண்டு. 2024-இல் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது ஊரே எழுந்து நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். மக்கள் போராடியதால் வந்த முடிவு அது. ஆனால் அந்தப் போராட்டத்தில் "இங்கே என்னதான் இருக்கிறது" என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு பட்டியல் இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். பல வருடம் குன்று ஏறிப் பறவை பார்த்து எழுதியவர்களின் உழைப்பு அது. உங்கள் மகளின் நோட்டும் அந்த வகைதான்.

இனி வேலைக்கும் சம்பளத்துக்கும் வருகிறேன். எம்.எஸ்ஸி.க்கு ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் இருக்கிறது. தேசிய அளவில் டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டும் பெரிய பெயர்கள். என்.சி.பி.எஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஆள் எடுக்கும், இடங்களும் மிகக் குறைவு. படித்து முடித்த கையோடு நிரந்தர வேலை என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் சில வருடம் புராஜெக்ட் வேலைதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிந்து முடிந்து தொடங்கும். சம்பளமும் இன்ஜினியரிங் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் குறைவு. முதுநிலை முடித்து எழுதும் நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கி பிஎச்.டி. சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் வரும். அதன் பிறகு கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் கம்பெனிகள் என்று வழி பிரியும். பெரிய திட்டங்களுக்கு அனுமதி கேட்கும்போது அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்ய அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. நேர்மையானவர்கள் அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

அரசு வேலைதான் நிம்மதி என்று நினைத்தால் அதற்கும் இதே பட்டம் போதும். விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி.யில் உதவி வனப் பாதுகாவலர், வனத் தொழில் பழகுநர் தேர்வுகள் உண்டு. 2024 முதல் வனக்காப்பாளர் பணியும் குரூப் 4-க்குள் வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வனவியலும் நல்ல படிப்பு. வேளாண் பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாக பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும். கட்-ஆஃப் எட்டினால் தயங்காமல் எடுங்கள். வன விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆசை இருந்தால் கால்நடை மருத்துவமும் உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்கு நீட் வேண்டாம், தேனியிலேயே கல்லூரி இருக்கிறது.

"பொம்பளப் பிள்ளை ராத்திரியில் காட்டுக்குள் போவதா" என்பது உங்கள் பெரிய பயம். அது நியாயமான பயம், நானும் ஒரு பெண்ணுக்குத் தாய். ஆனால் களப்பணிக்குத் தனியாக யாரும் போவதில்லை. வனத்துறை அனுமதியோடு, கூட ஒரு காவலரோ பாதை தெரிந்த உள்ளூர்க்காரரோ வர, குழுவாகத்தான் போவார்கள். எந்தப் புராஜெக்டில் சேர்ந்தாலும் தங்குமிடம் எங்கே, கூட இன்னொரு பெண் உண்டா, அவசரத்துக்கு வண்டி உண்டா, இன்சூரன்ஸ் உண்டா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல மழுப்புகிற இடத்தில் சேர வேண்டாம். உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐ.எஃப்.எஸ். நடைத்தேர்வில் பெண்கள் 4 மணி நேரத்தில் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும், ஆண்கள் 25. இப்போதே காலையில் நடந்து பழகட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத "வைல்டுலைஃப் டிப்ளமோ", சான்றிதழோடு சஃபாரி என்று லட்சக்கணக்கில் கேட்கும் விளம்பரங்கள் அவள் போனுக்கு வரும். அந்தப் பணத்தில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி, மீதியை எம்.எஸ்ஸி.க்கு வைத்திருங்கள்.

கல்லூரி திறக்கும் வரை அவளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். நோட்டில் இருப்பதையெல்லாம் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு செயலியில் ஏற்றட்டும். இடமும் தேதியும் இருந்தால் பழைய பதிவும் செல்லும். புதிதாகப் பார்க்கும்போது தொடங்கிய நேரம், நடந்த தூரம், பார்த்த எல்லா இனங்களும் எண்ணிக்கையும் என்று முழுப் பட்டியலாகப் போடட்டும். அரிதானதை மட்டும் போட்டால் ஆய்வுக்கு உதவாது. காக்காயும் மைனாவும் கட்டாயம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒருமுறை அவளோடு சாமநத்தம் கண்மாய்க்குப் போய்வாருங்கள். ஜனவரியில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு வரும்போது அதிலும் சேரட்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, விண்ணப்பத் தேதி முடிவதற்குள் இருவரும் வந்து என்னைப் பாருங்கள். எந்தக் கல்லூரியில் அலைடு என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.