காட்டு ஜின்செங்குக்கும் தோட்டத்து ஜின்செங்குக்கும் வேதியியலில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

பெங்களூரு ஜெயநகர் கடையில் 'காட்டில் விளைந்த அமெரிக்க ஜின்செங்' (ஜின்செங் ஒரு மருந்து வேர்) என்று போட்ட கேப்ஸ்யூல் மூன்று மடங்கு விலை சொல்கிறார்களே, சத்து அவ்வளவு வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பீன்யாவில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் லேபில் இருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

வித்தியாசம் உண்டு, ஆனால் கடைக்காரர் சொல்லும் மாதிரி இல்லை. இரண்டு வேரிலும் முக்கியச் சரக்கு ஜின்செனோசைடு என்கிற சப்போனின்கள்தான், அதாவது தண்ணீரில் கலக்கினால் சோப்பு மாதிரி நுரைக்கும் தாவரப் பொருள்கள். ஆர்பி1, ஆர்ஜி1, ஆர்இ என்று பெரிய குடும்பம் அது. எது எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் காடும் தோட்டமும் பிரிகின்றன.

முதலில் வயசு. விஸ்கான்சினிலும் ஒன்டாரியோவிலும் நிழல்பந்தல் போட்டு வளர்ப்பதை மூன்று நான்கு வருஷத்தில் பிடுங்கிவிடுவார்கள். காட்டு வேர் அப்படியில்லை, மேப்பிள் மரத்தடியில் மெதுவாக வளரும், அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யவே குறைந்தது ஐந்து வயசாவது ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் தண்டு விழுந்த தழும்பு வேரின் கழுத்தில் இருக்கும், அதை எண்ணியே வயசு சொல்லிவிடலாம். வயசு ஏற ஏற மொத்த ஜின்செனோசைடும் பொதுவாக ஏறும். அதாவது காட்டின் மகிமை என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் வயசுதான், தோட்டக்காரர் பொறுமையாக விட்டுவைத்தால் அதுவும் ஏறும்.

எனக்குச் சுவாரஸ்யமானது ஆர்ஜி1, ஆர்இ விவகாரம். காட்டு அமெரிக்க ஜின்செங்கில் சில செடிக்கூட்டங்களில் ஆர்ஜி1 தூக்கலாக இருக்கும், ஆர்இ ரொம்பக் குறைவு. வேறு சிலவற்றில் நேர்மாறாக. இது பெரும்பாலும் பரம்பரை, மண்ணோ மழையோ அல்ல. அப்போது 'காட்டு ஜின்செங்' என்று ஒரே சரக்காகப் பேசுவதே தப்பு, ஒரு மலைச்சரிவு வேரும் அடுத்த மலைச்சரிவு வேரும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

அப்புறம் வேரின் எந்தப் பகுதி என்பது. ஜின்செனோசைடு வெளித்தோல் பக்கமும் மெல்லிய கிளைவேர்களிலும்தான் அதிகம். தோட்டத்து வேர் முள்ளங்கி மாதிரி கொழுத்திருப்பதால் எடைக்கு எடை பார்த்தால் சதவீதம் இறங்கும். அதே செடியின் மலிவான சல்லிவேரை அரைத்துச் சோதித்தால் எகிறும்.

சரி, உங்கள் கேப்ஸ்யூல். அதில் இருப்பது பெரும்பாலும் சாறு, ஜின்செனோசைடு இத்தனை சதவீதம் என்று தரப்படுத்தப்பட்டது. அந்தச் சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகு வேர் எங்கே வளர்ந்தது என்பது மொத்த அளவில் தெரியாது. சாற்றில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி சோதனையின் வரைபடத்தைப் பார்த்து இது அமெரிக்க ஜின்செங்கா, வேறு இனமான கொரிய ஜின்செங்கா என்று சொல்லிவிடலாம், ஆர்எஃப் என்கிற ஜின்செனோசைடு கொரிய வேரில் இருக்கும், அமெரிக்க வேரில் இருக்காது. காடா தோட்டமா என்று ஒரு பொடியை வைத்து நான் சத்தியம் பண்ண மாட்டேன். 'இந்தியன் ஜின்செங்' என்று போட்டிருந்தால் அது நம்ம அமுக்கராக்கிழங்கு, கதையே வேறு.

தோட்டத்து வேருக்குப் பூஞ்சைக்கொல்லி நிறைய அடிப்பார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதற்கு எச்ச அளவு காட்டும் பேட்ச் ரிப்போர்ட்டைக் கேளுங்கள், கூடவே ஜின்செனோசைடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இல்லாத டப்பாவுக்கு நான் மூன்று மடங்கு கொடுக்க மாட்டேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் இரண்டுமே வேண்டாம், டாக்டரைக் கேட்காமல்.