தொடர்ந்து தோற்கும் கிளப்பின் மேனேஜரை நீக்கத்தான் வேண்டுமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பெரிய லீக்கில் ஆடும் ஒரு கால்பந்து கிளப் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கிறது. மேனேஜரைத் தூக்கு என்று பாதி ரசிகர்கள், நேரம் கொடு என்று மீதி ரசிகர்கள். யார் பக்கம் நியாயம்?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல்வி ஒன்றையே காரணமாக வைத்து நீக்கக் கூடாது. அணி எங்கே போகிறது என்பது ஆட்டத்தில் தெரியாவிட்டால் தாராளமாக நீக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், அடுத்து வருபவர் எப்படி ஆட வைப்பார், அதற்கு ஏற்ற ஆட்கள் கையில் இருக்கிறார்களா என்பதை போர்டு யோசித்து முடித்திருக்க வேண்டும். பெரும்பாலான கிளப்புகள் இதைச் செய்வதில்லை. ரசிகர்கள் நாமும் இதைக் கேட்பதில்லை.

நான் திருப்பூர். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். சனிக்கிழமை சம்பளம் போட்டு யூனிட்டைப் பூட்டிய பிறகு ஒரு நண்பரின் பனியன் கம்பெனி மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து மேட்ச் பார்ப்போம். ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிக நேரம் ஓடும். "ஃபெர்குசனுக்குக் குடுத்த நேரத்தை இவருக்கும் குடுக்கோணுமுங்க" என்பார் எங்களில் மூத்த அண்ணன். "நேரம் நேரம்னு ஏழாவதுல இருந்து பதினஞ்சாவதுக்கு வந்தாச்சுங்ணா, இன்னும் எங்க போறது?" என்பான் என் மாப்ள. இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் யுனைடெட்டின் பழைய மேனேஜர் ஃபெர்குசன் கதை. யார் தடுமாறினாலும் இந்தக் கதையைத்தான் எடுத்து வைப்பார்கள். 1986 நவம்பரில் வந்தார். 1988-89-இல் 11-ஆம் இடம், 1989-90-இல் 13-ஆம் இடம். 1989 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 தோல்வி. 1990 ஜனவரியில் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த ஒற்றை கோல்தான் அவர் வேலையைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் சொல்வார்கள். அந்த ஆண்டு அந்தக் கோப்பையையே வென்றார்கள். லீக் பட்டம் வந்தது 1992-93-இல், கிளப்புக்கு 26 வருடம் கழித்து. அவர் ஓய்வு பெறும்போது லீக் பட்டங்கள் 13.

அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ஆனால் அந்த வருடங்களில் போர்டு சும்மா கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. சிறுவர் அணியை ஃபெர்குசன் அடியோடு மாற்றிக்கொண்டிருந்தார். ஊர் ஊராக ஆள் தேடும் ஏற்பாடு விரிந்தது. 1992-இல் இளைஞர் எஃப்ஏ கோப்பையை வென்ற பெக்கம், கிக்ஸ், நெவில், பட் எல்லாம் அந்த வேலையில் வந்தவர்கள்தான். பாயிண்ட்ஸ் டேபிளில் இல்லாத ஒன்று கிளப்புக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நேரம் கொடுத்தார்கள். இன்றைய மேனேஜர் ஒருவருக்கு நேரம் கேட்கிறவர்கள் அதே மாதிரி காட்ட என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, தோற்கும்போதும் திசை தெரிந்த அணி எது? ஆர்சனல். 2021-22 தொடக்கத்தில் மேனேஜர் ஆர்டெட்டாவின் அணி பிரென்ட்ஃபோர்டிடம் 2-0, செல்சியிடம் 2-0, சிட்டியிடம் 5-0 என்று மூன்று ஆட்டமும் தோற்றது. அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. டேபிளில் கடைசி இடம். அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் 8-ஆம் இடம் வேறு. அப்போது எங்கள் மாடியில் இருந்த ஆர்சனல் தம்பி, "இந்த ஆளு இருக்கற வரைக்கும் நான் மேட்ச் பாக்கறதில்லீங்க" என்று எழுந்து போனான். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோடையில் ஆர்சனல் வாங்கிய ஆட்களைப் பாருங்கள்: ஓடேகார்ட், பென் வைட், ராம்ஸ்டேல், டோமியாசு. எல்லோருமே 23 வயதுக்குள். சில மாதம் கழித்து, அணியின் பெரிய நட்சத்திரமான அவுபமேயாங்குக்கும் மேனேஜருக்கும் ஒத்துவராமல் போனபோது போர்டு மேனேஜர் பக்கம் நின்றது. அவுபமேயாங்கிடமிருந்து கேப்டன் பதவி போனது, ஜனவரி டிரான்ஸ்ஃபர் நேரத்தில் ஆளும் போனார். அந்த சீசனில் 5-ஆம் இடம், அடுத்த மூன்று சீசனும் 2-ஆம் இடம். டேபிளை மட்டும் பார்த்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது.

இப்போது என் கிளப்புக்கு வருகிறேன். இதில்தான் மனது ரொம்பவும் வலிக்கிறது.

2013-இல் ஃபெர்குசன் இடத்துக்கு வந்த டேவிட் மொயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். பத்து மாதத்தில் அனுப்பினார்கள். வான் கால் 2016-இல் எஃப்ஏ கோப்பையை வென்ற கையோடு போனார். மொரீன்யோ லீக் கோப்பையும் யூரோப்பா லீகும் வென்று, 2017-18-இல் 81 புள்ளியோடு இரண்டாம் இடம் வந்து, 2018 டிசம்பரிலேயே வெளியே. சோல்ஷயர் இருந்தது 2021 நவம்பர் வரை. எரிக் டென் ஹாக் இரண்டு கோப்பை வென்றார். ஒவ்வொருவரும் ஆட வைத்த விதம் வேறு. ஒருவர் பந்தை விட்டுக்கொடுக்காமல் தட்டித் தட்டிப் பொறுமையாக ஆடச் சொன்னார், அடுத்தவர் பின்வாங்கி நின்று தாக்கச் சொன்னார். ஒவ்வொருவர் கேட்டபடியும் சில ஆட்களை வாங்கினார்கள். அவர் போன பிறகும் அந்த ஆட்கள் பெரிய சம்பளத்தோடு கிளப்பிலேயே இருந்தார்கள்.

டென் ஹாக் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 2023-24-இல் லீகில் 8-ஆம் இடம். சீசன் முடிவில் வெம்ப்ளியில் சிட்டியை 2-1 என்று வென்று எஃப்ஏ கோப்பை. அதற்குப் பிறகு கிளப் வாரக்கணக்கில் ஆராய்ந்தது, வேறு மேனேஜர்களிடமும் பேசிப் பார்த்தது. கடைசியில் ஜூலை 2024-இல் இவருக்கே ஒப்பந்தத்தை நீட்டித்தது. அந்தக் கோடையில் டி லிக்ட், மஸ்ராவி, சிர்க்சே, உகார்டே எல்லாம் வந்தார்கள். அக்டோபர் 28-ஆம் தேதி டென் ஹாக்கை நீக்கினார்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை. அவரையும் அவர் குழுவையும் அனுப்பியதில் மட்டும் கிளப்புக்கு 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவு.

அடுத்து ரூபன் அமோரிம். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பை 3-4-3 முறையில் (பின்னால் மூன்று பேர், நடுவில் நான்கு, முன்னால் மூன்று) ஆட வைத்துப் பட்டம் வென்றவர். அந்த முறையில் இரண்டு ஓரத்திலும் மைதானம் முழுக்க ஏறி இறங்க ஆள் வேண்டும், விங்-பேக் என்பார்கள். யுனைடெட்டில் இருந்தது நான்கு டிஃபெண்டர்கள் ஆட்டத்துக்காக வாங்கிய கூட்டம். சீசன் நடுவில் கொண்டுவந்து, இருக்கிற ஆட்களை வைத்து ஓட்டச் சொன்னார்கள். 15-ஆம் இடம், 42 புள்ளி. 1973-74-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு இவ்வளவு மோசமான லீக் முடிவு வந்ததில்லை.

அந்த சீசனில் ஒருநாள் ராத்திரி மாப்ள வழக்கம்போல "இவரையும் தூக்கு" என்று ஆரம்பித்தான். கம்பெனிக்கார நண்பர் செக்கிங் டேபிளில் கிடந்த ஒரு டிஷர்ட் துணியை எடுத்து விரலால் தேய்த்துக் காட்டினார். "180 ஜிஎஸ்எம் கேட்ட ஆர்டருக்கு 140 துணி வந்திருக்குது மாப்ள. பவர் டேபிள்ல உக்கார்ற டெய்லரை மாத்தினா பையர் எடுத்துக்குவானா?" (ஜிஎஸ்எம் என்றால் துணியின் கனம், பையர் என்றால் ஆர்டர் கொடுத்தவர்.) மாப்ள பதில் சொல்லவில்லை. துணி வாங்கியது யார் என்று கேட்காமல் டெய்லரை மட்டும் திட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் யுனைடெட் ரசிகனாக எனக்கு உறைத்த விஷயம். ஆள் வாங்குவதைப் பார்த்துக்கொள்ள ஸ்போர்ட்டிங் டைரக்டராக டேன் ஆஷ்வொர்த்தைப் பெரிய பாடுபட்டுக் கொண்டுவந்தார்கள். அவரும் ஐந்து மாதத்தில் போய்விட்டார்.

இதெல்லாம் இங்கிலாந்துக் கதை, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். நம்ம கோயம்புத்தூரிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

சென்னை சிட்டி எஃப்சி என்று பெயர் இருந்தாலும், ஆடியது வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்தில். அப்போது ஐ-லீக் நாட்டின் முதல் நிலை லீக்குகளில் ஒன்று. 2017-18-இல் பத்து அணிகளில் எட்டாவதாக முடித்தார்கள். அடுத்த சீசனுக்கு சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் வந்தார். கோச் மாறினார், பட்டம் வந்தது என்று இதை இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அவரோடு சேர்த்து பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா என்று ஸ்பெயினிலிருந்து ஒரு கூட்டமே வந்ததை மறந்துவிடுகிறார்கள். மான்சி மட்டும் 21 கோல். கோச் நினைத்த ஆட்டத்துக்கு ஏற்ற ஆட்களை கிளப்பும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது.

2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் பட்டம் நமக்கு. தவறவிட்டால் ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கொண்டு போகும். ஆரம்பித்த சில நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் அப்போதே "கோச்சு என்னத்த பண்றாரு" என்று ஆரம்பித்துவிட்டார். இடைவேளை வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை. ஆனால் மைதானத்தில் ஒன்று தெரிந்தது. ஒரு கோல் பின்னால் இருந்தும் நம் பையன்கள் பந்தை மேலே தூக்கி அடித்துவிட்டு ஓடவில்லை. சீசன் முழுக்க ஆடிய மாதிரியே தரையோடு தட்டித் தட்டிக் கொண்டுபோனார்கள். இரண்டாம் பாதியில் பெனால்டி, மான்சி சமன் செய்தார். பிறகு யாரும் எதிர்பார்க்காத கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. நமக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. பெரியவர் பக்கத்துச் சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சீசனும் அதே அக்பர் நவாஸ்தான். ஆனால் நெஸ்டர் போய்விட்டார். மான்சி சீசன் பாதியில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாடாவுக்குப் போனார். அணி பட்டத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரே வருடத்தில் அந்த மனிதர் வேலையை மறந்துவிட்டாரா என்ன?

அப்படியென்றால் யாரையுமே நீக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். இல்லை, நீக்க வேண்டிய நேரம் உண்டு. 2021 அக்டோபர் 24, யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபர்டில் லிவர்பூல் எங்களை 5-0 அடித்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்திலேயே 4-0. முன்னால் ஒருவர் பந்தைப் பிடுங்க ஓடுவார், அவருக்குப் பின்னால் இருக்கிறவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். நடுவில் ஒரு ரோடே போடலாம், அந்த ரோட்டில் லிவர்பூல் வந்துகொண்டே இருந்தது. மூன்று வருடம் ஒரே மேனேஜரிடம் பயிற்சி எடுத்த அணி, யார் எப்போது ஓட வேண்டும் என்று தெரியாமல் நின்றது. சோல்ஷயர் கிளப்புக்காக உயிரையே கொடுப்பவர், எனக்கு அவர் மேல் அவ்வளவு பாசம். ஆனால் அன்றைக்கே முடிவெடுத்திருக்க வேண்டும். வாட்ஃபோர்டிடம் 4-1 தோற்கும் வரை நான்கு வாரம் இழுத்தார்கள்.

நான் பார்ப்பது இதைத்தான். பந்து பறிபோன அடுத்த சில நொடியில் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? போன மாதம் வாங்கிய அதே வகை கோலை இந்த மாதமும் வாங்குகிறார்களா? இருபது வயதுப் பையன்கள் போன வருடத்தைவிடத் தேறியிருக்கிறார்களா? இவை சரியாக இருந்தால் ஐந்து தோல்வி வந்தாலும் நான் மேனேஜர் பக்கம்தான். இவை கெட்டுப்போயிருந்தால் கோப்பை ஜெயித்தாலும் எனக்குத் திருப்தி வராது. டாட்டன்ஹாம் 2025 மே 21-ஆம் தேதி எங்களையே 1-0 என்று வென்று யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. அதே சீசனில் லீகில் 22 ஆட்டம் தோற்று 17-ஆம் இடம். 17 வருடம் கழித்து வந்த கோப்பை என்று பார்க்காமல், 16 நாளில் மேனேஜர் போஸ்டகோக்லூவை அனுப்பிவிட்டார்கள். ஈவு இரக்கம் இல்லை என்று நிறையப் பேர் கொதித்தார்கள். ரசிகர்களின் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் 22 தோல்வியைப் பார்த்த போர்டு அப்படி முடிவெடுத்ததில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

இன்னொரு வாதம் அடிக்கடி வரும்: "புது ஆள் வந்ததும் நாலு மேட்ச் ஜெயிக்கறாங்க பாருங்க." ஜெயிப்பது உண்மைதான். பட்டம் வென்ற அடுத்த வருடமே, 2017 பிப்ரவரியில், லெஸ்டர் கிளப் மேனேஜர் ரனியேரியை நீக்கியது. உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று முதல் ஐந்து லீக் ஆட்டத்தையும் வென்றார். ஆனால் நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் அந்த நாட்டு லீகை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார். மோசமான சரிவில் இருந்து மேனேஜரை மாற்றிய கிளப்புகளையும், அதே மாதிரி சரிவில் இருந்தும் மாற்றாத கிளப்புகளையும் ஒப்பிட்டார். இரண்டுமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுந்து வந்தன. ஒரு நல்ல அணி எப்போதுமே தன் தரத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்காது, யார் இருந்தாலும் கொஞ்சம் மேலே வரும். அப்போது யார் நாற்காலியில் இருக்கிறாரோ அவருக்குப் பேர் போய்விடுகிறது. ஷேக்ஸ்பியரை ஜூனில் நிரந்தரமாக்கினார்கள், அக்டோபரில் அவரையும் நீக்கினார்கள்.

அதனால்தான் 2025 மார்ச்சில், ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கான யுனைடெட் ரசிகர்கள் கருப்பு உடையில் ஊர்வலம் போனபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அணி டேபிளின் கீழ்ப் பாதியில் கிடந்த நேரம் அது. மேனேஜரைத் தூக்கு என்று அந்த ஊர்வலம் கிளம்பவில்லை. 2005-இல் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டிய கிளேசர் குடும்பத்தைப் பார்த்துத்தான் கோஷம் போட்டார்கள். அடுத்த முறை உங்கள் அணி நாலு மேட்ச் தோற்றால், மேனேஜர் பேரைச் சொல்வதற்கு முன்னால் போன இரண்டு கோடையில் யார் யாரை வாங்கினார்கள், யார் சொல்லி வாங்கினார்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்புறம் கமெண்டில் வாங்க, பேசுவோம்.