கன்னத்தின் உட்புறம் வெண்திட்டு: தேய்த்தும் போகவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. வலது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெண்திட்டு. சுற்றிலும் சிவந்திருக்கிறது. மூன்று மாதமாகச் சூடாகவோ காரமாகவோ எது பட்டாலும் எரிகிறது. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டேன், வாய்ப்புண் களிம்பு தடவினேன், பிரஷால் தேய்த்தும் பார்த்தேன். அந்தப் பல்லைப் பல வருடங்களுக்கு முன் வெள்ளி நிறத்தில் அடைத்திருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். புகையிலைப் பழக்கம் இல்லை. புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் காட்டவில்லை.

பதில்: சகோதரி, பிரஷால் தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே புண்பட்ட தோல் அது. ஆனாலும் நீங்கள் தேய்த்ததில் ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. பூஞ்சைத் தொற்றால் வரும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் துடைத்தால் வந்துவிடும், அடியில் சிவப்பாகத் தெரியும். உங்களுடையது வரவில்லை. ஆக, காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வெள்ளி அடைப்புதான். அதில் பாதரசம் கலந்த உலோகக் கலவை இருக்கும். அது எப்போதும் உரசிக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் சிலருக்குக் கன்னத்தோல் இப்படி வெளுத்து, சிவந்து, எரியும். அடைப்பை மாற்றினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் அடங்கிவிடும். அடைப்பின் ஓரம் உடைந்து கூராகக் குத்திக்கொண்டிருந்தாலும் திட்டு வரலாம்.

இப்போது கண்ணாடி முன் நின்று, செல்போன் விளக்கை அடித்து இடது கன்னத்தையும் பாருங்கள். பற்கள் கடிக்கும் மட்டத்தில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் பயம் வேண்டாம், அது பலருக்கும் உண்டு. சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். ஆனால் இரண்டு பக்கமும் வலை பின்னியது போல வெள்ளை இழைகள் ஓடினால் அது லைக்கன் பிளானஸ் என்ற நாள்பட்ட அழற்சி நோயாக இருக்கலாம். நடுவயதுப் பெண்களிடம் அதிகம் பார்க்கிறோம். தொற்றாது, எரிச்சலுக்கு மருந்து உண்டு, ஆனால் வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும் இதே தோற்றம் வரும். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். காரணம் எதுவும் பிடிபடாமல், துடைத்தும் போகாமல் நிற்கும் வெண்திட்டை லுகோபிளேக்கியா என்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சிவப்பு கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எரிச்சலை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆரம்பநிலைப் புற்றுநோய் பல நேரம் வலிப்பதே இல்லை. வலி இல்லாததாலேயே தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

வாயில் எந்தப் புண்ணும் திட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் காட்டிவிட வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை செய்வார். மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் துணுக்கு எடுப்பார்கள், ஓரிரு தையல், அவ்வளவுதான். சதையை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதுவரை காரத்தையும், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷையும் தவிருங்கள். களிம்பும் வேண்டாம். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். திட்டை இன்றே ஒரு படம் எடுத்து வைத்தால், அது வளர்கிறதா சுருங்குகிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.