மழை, வறட்சி, காய்ச்சல்: வன்னி உறவுகளின் கேள்விகளுக்குப் பதில்

(பதில்: வன்னியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்த ஒருவர்)

கிளிநொச்சி அக்கா: மாதக்கணக்காக மழையே இல்லை. பிறகெப்படி டெங்கு வருது?

கிணறு வற்றினால் பவுசர் தண்ணியைப் பரலிலும் தொட்டியிலும் பிடித்து வைக்கிறோம் அல்லவா அக்கா, நுளம்புக்கு அதுவே போதும். முட்டைகள் தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தண்ணியை ஊற்றிவிட்டால் மட்டும் சரிவராது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்கள். வெக்கையும் நுளம்புக்குத்தான் துணை. 25–28 பாகை செல்சியஸில் நுளம்பின் உடம்பில் வைரஸ் பெருகிப் பரவத் தயாராக 8–12 நாள் எடுக்கும். சூடு கூடினால் அந்த நாட்கள் குறையும்.

ஒட்டுசுட்டான் கமக்காரர்: வெள்ளம் வடிந்த வயலில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வருமோ? காலில் காயம் ஒன்றும் இல்லை.

வரும் அண்ணை. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய காலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பே கிருமிக்குப் போதும். எலி மட்டுமில்லை, மாடு, நாயின் சிறுநீரிலும் அது இருக்கும். வெள்ளம் எல்லாவற்றையும் வயலுக்குள் கலந்துவிடும். 2024 நவம்பர் பெருமழைக்குப் பிறகு, டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்தபோது முதலில் 'மர்மக் காய்ச்சல்' என்றார்கள். எலிக்காய்ச்சல்தான் அது.

வயலில் இறங்க முன்னரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகத் தருவார்கள். சாப்பிட்ட பிறகு போடுங்கள். கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் தாங்களாகப் போடக்கூடாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை நொந்து, கண் சிவந்து, சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். "வயலில் நின்றேன்" என்று டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விடுவதால் சிகிச்சை பிந்துகிறது. எனக்கு மிகவும் வேதனையான விஷயம் இது.

மன்னார் தம்பி: மலேரியா ஒழிந்துவிட்டதுதானே?

2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது உண்மை. ஆனால் அதே வருட முடிவில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற புது நுளம்பு அகப்பட்டது. கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும் இனம். இந்தியா, ஆபிரிக்கா போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியா இரத்தப் பரிசோதனை கட்டாயம் தேவை.

வவுனியா தங்கச்சி: எல்லாம் காலநிலை மாற்றத்தால்தானா?

ஒரு மழையை வைத்து அப்படிச் சொல்ல ஏலாது தங்கச்சி. ஆனால் 1 பாகை சூடு கூடினால் காற்று சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கும். அந்த மழையை நிறுத்த எங்களால் முடியாது. ஆனால் அந்தத் தண்ணி தேங்கி நுளம்பு பெருகும் சிரட்டை, டயர், யோகட் கோப்பையை இன்றைக்கே அகற்றலாம்.

முல்லைத்தீவு அம்மா: காய்ச்சலுக்கு எந்தக் குளிசை கொடுக்கலாம்?

பரசிட்டமோல் மட்டும் அம்மா, அதுவும் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். டெங்கு என்றால் அஸ்பிரினும் இபுபுரூபனும் இரத்தப்போக்கைக் கூட்டும். இரண்டு நாளில் குறையாவிட்டால் இரத்தம் சோதியுங்கள்.